என் பங்குத் தண்டனை

கணக்கு டீச்சர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மூன்றாம் முறையாகக் குனிந்தார்.

பெஞ்சுக்கு அடியில் ஒரு நைலான் நூல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு முனை என் இடது கணுக்காலில் கட்டியிருந்தது. நடுவில் இருந்த இரண்டு பிள்ளைகளின் கால்களைத் தாண்டிப் போய், மறுமுனை பொன்மணியின் கைவிரலில் சுற்றியிருந்தது. பொன்மணி என் சிநேகிதி. மளிகைக் கடை அண்ணாச்சியின் மகள். அந்த நேரத்தில் அவள் முகம் அவித்த கிழங்கு மாதிரி இருந்தது.

குனிந்தபடியே டீச்சர் என்னமோ கேட்டார். எனக்கு எதுவும் புரியவில்லை. புரியாதபோது சிரித்துவைப்பது என் வழக்கம். சிரித்தேன்.

"மாடா நீ, கால்ல கயிறு கட்டிக்கிட?" என்று கேட்டாராம். அதற்குத்தான் நான் பல்லைக் காட்டியிருக்கிறேன். பிறகு பொன்மணி சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. பெரிய தப்பு செய்தவர்களின் பெயர் அதில் ஏறும். மூன்றாவது முறை ஏறினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் பெயர் ஏற்கெனவே இரண்டு முறை ஏறியிருந்தது, இரண்டுக்கும் காரணம் 'கூப்பிட்டால் மதிப்பதில்லை'. மூன்றாவதும் அன்றைக்கு ஏறியது. மறுநாள் காலையில் அப்பாவோடு வரவேண்டும் என்று உத்தரவு.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். எட்டாம் வகுப்பு. தூத்துக்குடியில் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

கயிறு பேசிய பேச்சு

அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு அப்போதே நின்றுபோயிருந்தது. சங்குதான் சோறு போட்டது.

கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஆழத்துக்கு இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் கையில். தண்ணீருக்குள்ளே யாரும் யாரையும் கூப்பிட முடியாது அல்லவா? எல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்புக்கு ஒரு பொருள், இரண்டு இழுப்புக்கு வேறு பொருள். படபடவென்று இழுத்தால் உடனே மேலே தூக்கு. சித்தப்பா கடலில் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. கை மட்டும் கயிற்றிலேயே இருக்கும்.

அதைத்தான் நாங்கள் வகுப்பில் வைத்துக்கொண்டோம். ஒரு இழுப்பு என்றால், 'உன் பெயரைக் கூப்பிடுறாங்க, எழுந்திரு.' இரண்டு என்றால், 'டீச்சர் உன்னையே பாக்காங்க, சும்மா இரு.' படபடவென்றால், 'ஏளா, போச்சு!'

அன்றைக்குப் படபடவென்று இழுத்தாள். நூல் டெஸ்கில் உரசிச் சத்தம் கேட்டிருக்கிறது, எல்லாருக்கும். எனக்கு மட்டும் இல்லை.

முனகுகிற டீச்சர்கள்

எனக்குக் காது கேட்காது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நம்ப மாட்டீர்கள், முதலில் எனக்கே தெரியாது.

ஆழம் போகிறவர்களுக்குக் காது உடையும். அப்பாவுக்கு வலது காது அறவே போய்விட்டது. இடது காது அரைகுறை. சித்தப்பாவுக்கும் அப்படித்தான், அவரும் ஒரு காலத்தில் குளித்தவர். ஆகவே எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதில்லை. தோளைத் தட்டி, முகத்தைத் திருப்பி, கையையும் ஆட்டி, ஊருக்கே கேட்கிற சத்தத்தில் பேசுவோம். 'குழம்பு ஊத்தவா?' என்று அம்மா கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் 'வேண்டாம்' என்பார்கள்.

எனக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தது. அம்மா பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக விட்டுப் பஞ்சை அடைத்தாள். எங்கள் தெருவில் காதில் பஞ்சு வைக்காத வீடே கிடையாது. கடல்காரன் வீட்டில் காது வடிவதை யார் பெரிதாக எடுத்தார்கள்? சீழ் நின்றது. அதோடு சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வீட்டில் எல்லாரும் கத்தியதால் எனக்கு அது உறைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் டீச்சருக்கு வெண்கலத் தொண்டை. பிரச்சினையே இல்லை. பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான், படித்த டீச்சர்கள் எல்லாரும் முனகுகிறவர்கள் என்று நினைத்தேன். நாகரிகம் என்றால் முனகுவதுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அதிலும் கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, எழுதியபடியே பெயரைக் கூப்பிடுவார். "ஜெசிந்தா, விடை சொல்லு." அந்த ஜெசிந்தா, அதாவது நான், ஜன்னல் வழியாகக் காக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெஞ்சு மேல் நின்றேன். சிப்பித்தூள் கலந்த மைதானத்து மணலில் முட்டி போட்டேன். முட்டி முழுக்கப் பொடிப்பொடியாய்ச் சிவந்த கீறல். செய்த தப்பு என்ன என்று மட்டும் ஒரு நாளும் விளங்கியதில்லை.

கண்டுபிடித்தவள் பொன்மணி. ஒருநாள் எனக்குப் பின்னால் வந்து இரண்டு சோற்று டப்பாக்களை டமாரென்று தட்டியிருக்கிறாள். நான் திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"ஏளா, உனக்குக் காது கேக்காதா?"

நறுக்கென்று கிள்ளினேன். ரத்தம் கன்றிப்போய்விட்டது. அவள் அழுதாள். பிறகு நானும் அழுதேன்.

"டீச்சர்ட்ட சொல்லிருவோம்ளா" என்றாள்.

"சொன்னேன்னா உன் சங்கை நெரிச்சிருவேன்."

ஏன் என்கிறீர்களா? எங்கள் தெருவில் காது கேட்காத பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அதுதான் கதி என்று தோன்றிவிட்டது. புத்தகப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வலை கிழிசலைத் தைக்க உட்கார்த்திவிடுவார்கள். எனக்குப் படிக்க வேண்டும். கணக்கு வராவிட்டாலும் படிக்க வேண்டும். காது கேட்காதவள் என்று பெயர் எடுப்பதைவிடத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் மேல் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

முதலில் பொன்மணி பக்கத்தில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டால் முழங்கையால் இடிப்பாள். பேசுகிறோம் என்று டீச்சர் எங்களைப் பிரித்து, பெஞ்சின் இந்த ஓரத்தில் என்னையும் அந்த ஓரத்தில் அவளையும் உட்கார வைத்தார். அதனால்தான் நூல்.

பெரிய டீச்சர் அறை

தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். நாசரேத் பக்கத்துக்காரர். வெள்ளைச் சேலை, இறுக்கின கொண்டை, தாழ்ந்த குரல். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை என்பார்கள். நான் தாழ்த்தியும் கேட்டதில்லை.

அப்பா கடலுக்குப் போகாமல் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடது காதில் பஞ்சு. மேசைமேல் டி.சி. தயாராக இருந்தது. 'நடத்தை' என்ற இடத்தில் 'திருப்தியில்லை' என்று எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். அதோடு போனால் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது.

பெரிய டீச்சர் பேச ஆரம்பித்தார். அப்பா சும்மா நின்றார். மறுபடி கேட்டார். அப்பா பணிவாகச் சிரித்தார், அச்சு அசல் என்னைப் போல.

"பாருங்க" என்றார் கணக்கு டீச்சர், ஓரமாக நின்றபடி. "அப்பனுக்கே இந்தத் திமிர். பிள்ளை எப்படி இருக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைச் சொல்லட்டும். அப்பாவைச் சொல்ல இவர் யார்? அப்பாவின் தோளைத் தட்டித் திருப்பி, வீட்டில் பேசுகிற சத்தத்தில் கத்தினேன்.

"யப்பா! பெரிய டீச்சர் கேக்காங்க, இவளுக்கு வீட்டுல யாரும் மரியாதை சொல்லிக் குடுக்கலியாம்! நூலைக் கட்டி வகுப்பைக் கேலி பண்ணுதாளாம்! கணக்கு டீச்சர் சொல்லுதாங்க, உங்களுக்கும் திமிராம்!"

மூன்று அறை தள்ளியிருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்களாம்.

பெரிய டீச்சர் என்னையே பார்த்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் நான் திருப்பிச் சொல்லிவிட்டேனே! கூப்பிட்டால் மதிக்காதவள் எப்படி எல்லாவற்றையும் சொல்கிறாள்? அவர் மெல்ல அந்தக் கறுப்பு நோட்டை எடுத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். படிக்கிறார் என்று நினைத்தேன். நோட்டு இறங்கியது.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

இது தெரிந்தது. அதற்கு முன்னால் சொன்னது தெரியவில்லை. சிரித்துவைக்கலாமா என்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"நோட்டை வச்சு வாயை மறைச்சிட்டீங்களே டீச்சர், எப்படித் தெரியும்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. ஒளித்து வைத்திருந்ததை என் வாயாலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

பெரிய டீச்சர் எழுந்து அப்பாவின் முகத்துக்கு நேராக வந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்க பிள்ளைக்குக் காது கேக்கல."

அப்பா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவளுக்கா? கடலுக்குப் போனது நான்லா டீச்சரம்மா. காது எனக்குல்லா போச்சு. இவ எங்கன போனா?" என்று கேட்டவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரிய டீச்சர் டி.சி.யைக் கிழித்தார். கறுப்பு நோட்டில் என் பெயர் இருந்த மூன்று வரிகளையும் அடித்தார்.

'பாவம்' காலம்

இங்கேயே முடித்தால் அழகான கதை. வாழ்க்கை அப்படி நம்மை விட்டுவிடுமா?

என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நல்லது. அதோடு, 'அந்தப் பிள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம்' என்றும் ஓர் உத்தரவு வந்தது. கேள்வி கேட்பதில்லை. வீட்டுப்பாடம் கேட்பதில்லை. நோட்டைத் திருத்துவதில்லை, கடைசியில் ஒரு டிக் மட்டும். ஒருநாள் வேண்டுமென்றே விடைக்குப் பதிலாக ஒரு மீன் படம் வரைந்து வைத்தேன். அதற்கும் டிக்.

தாமதமாக வந்தால், பாவம். புத்தகம் கொண்டுவராவிட்டால், பாவம். முன்பாவது என்னைப் பார்த்து முறைத்தார்கள். இப்போது பார்ப்பதே இல்லை. அந்த வருடக் கடைசியில் என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். படிக்காதவளை, பதில் சொல்லாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் தெருப் பெண்ணின் கதி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே எனக்கு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.

போன வாரம் இந்தத் தொடரில் என் முட்டிக் கீறல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். உடனே ஒரு பெரியவர், 'அந்தக் காலத்தில் அடித்ததால்தான் நாம் உருப்பட்டோம்' என்று இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, நான் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அடிக்கவும் மணலில் முட்டி போடச் சொல்லவும் கூடாது என்று இப்போது ஆகியிருப்பது நல்ல காரியம். நான் சொல்ல வருவது வேறு. மேலே படியுங்கள்.

புதுத் தோணி

ஒருநாள் மத்தியானம் புதுத் தோணி ஒன்றைக் கடலில் இறக்குகிறார்கள் என்று சேதி வந்தது. புதுத் தோணி இறங்கினால் பூந்தி கொடுப்பார்கள். நாற்பது ஐம்பது பேர் 'ஏலேலோ' போட்டுத் தள்ளுவார்கள். எங்களுக்கோ தையல் வகுப்பு.

"போவோமா?" என்றேன்.

"ஏளா, மாட்டுனோம்னா?" என்றாள் பொன்மணி.

"பூந்தி வேண்டாம்னா இங்கனயே இருந்து காஜா போடு."

நான், பொன்மணி, இன்னும் இரண்டு பேர். பின்பக்கச் சுவரில் முதலில் ஏறியவள் நான். மற்றவர்களைக் கைகொடுத்துத் தூக்கியதும் நான். தோணி இறங்கியதைப் பார்த்தோம். அது தண்ணீரைத் தொட்டபோது தரை அதிர்ந்ததை உள்ளங்காலில் வாங்கிக்கொண்டேன். பூந்தி தின்றோம். திரும்பி வந்து பூனை மாதிரி வகுப்பில் உட்கார்ந்தோம்.

ஒரு முட்டாள்தனம் செய்திருந்தோம். கூட்டத்தில் நசுங்காமல் இருக்கத் தோணியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருக்கிறோம். புதுத் தோணிக்கு மீன் எண்ணெயும் குங்கிலியமும் கலந்து பூசியிருப்பார்கள். எங்கள் நாலு பேர் வெள்ளைச் சட்டையின் முதுகிலும் பழுப்பாக ஒட்டியிருந்தது. நாற்றம் பள்ளிக்கூடத்தையே தூக்கியது. பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார். அவ்வளவுதான்.

நாலு பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். கணக்கு டீச்சரும் கூட வந்தார். மூன்று பேர் முட்டி போட்டார்கள். நானும் போட்டேன். கணக்கு டீச்சர் என் தோளைத் தொட்டு எழுப்பினார். முகத்தில் அந்தப் 'பாவம்'.

"நீ வேண்டாம். வகுப்புக்குப் போ."

பொன்மணி கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. இவளுக்கு இப்படித்தான் என்பது போலத் திரும்பிக்கொண்டாள். என் உயிர்ச் சிநேகிதி! அது எனக்குத் தாங்கவில்லை.

"நான் போமாட்டேன்" என்றேன்.

"சொன்னா கேளு. உனக்குத் தெரியாது, இவளுவதான் உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாளுவ."

"நாந்தான் டீச்சர் கூட்டிட்டுப் போனேன்! நாந்தான் மொத ஆளாச் சுவரேறுனேன்! காதுதான் டீச்சர் எனக்குக் கேக்காது. காலு நல்லாத்தான் இருக்கு. சுவரேறிக் குதிச்சது இந்தக் காலுதான். அது முட்டி போடாதா?"

என் சத்தம் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"மீன் படம் போட்டதுக்கும் சரின்னு டிக் அடிச்சீங்க. தப்புன்னு போட்டிருக்கணும்லா? என்னை ஏன் திட்ட மாட்டேங்கிறீங்க? நான் உங்க வகுப்புப் பிள்ளை இல்லியா?"

கணக்கு டீச்சரின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஐயோ, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு கணம் பயந்தேன்.

பெரிய டீச்சர் வராண்டாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். படியிறங்கி, அந்த வெயிலில் மணலில் நடந்து வந்து, எனக்கு நேர் எதிரே நின்றார். நிழலில் நிற்கவில்லை, முகம் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்படி நின்றார். ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"சரி. முட்டி போடு. கூட்டிட்டுப் போனவ நீங்கிறதனால மத்தவங்களைவிடக் கால் மணி நேரம் கூட. நாளைக்குக் காலையில கணக்கு டீச்சர்ட்ட இதுவரைக்கும் செய்யாத வீட்டுப்பாடம் எல்லாத்தையும் செஞ்சு காட்டணும். காட்டலைன்னா உன் பேர் நோட்டுல ஏறும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

"கத்தாத."

முட்டி போட்டேன். சிப்பித்தூள் குத்தியது. பொன்மணி தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்து, "லூசு, லூசு" என்றாள். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

நேரம் முடிந்ததும் மூன்று பேரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் பாக்கி. எதிர் ஜன்னலில் கணக்கு டீச்சர் எங்கள் வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

கால் மணி முடிந்தது. எழுந்து, முட்டியைத் தட்டி, வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

டீச்சர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "ஜெசிந்தா, வட்டத்தின் பரப்பளவு என்ன? சொல்லு."

தெரியவில்லை. சுத்தமாகத் தெரியவில்லை.

"எட்டாம் வகுப்பு முடியப்போகுது, இதுகூடத் தெரியாதா? வெட்கமா இல்லை? போய் உக்காரு, நாளைக்கும் உன்னைத்தான் முதல்ல கேப்பேன்!" என்று பொரிந்து தள்ளினார்.

வகுப்பே சிரித்தது. ஒவ்வொரு வாயும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே, ராணி மாதிரி நடந்து போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.